பத்து பிரீமியர்கள், பத்து நாற்காலிகள்: குவாசுலு-நட்டால் அமைச்சரவைப் பட்டியலைப் பிழையில்லாமல் தொகுப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 2020 தொடக்கத்தில் நிதித் துறையைக் கையில் வைத்திருந்தவர் யார்? 2021இல் யார்? மாகாண அரசின் தலைவரான பிரீமியர் இரண்டு ஆண்டுகளிலும் ஒருவரே, சிஹ்லே ஸிகாலாலா. அதனால் பலர் 2019இல் அவர் பதவியேற்றபோது வெளியான பட்டியலை எடுத்து, இரண்டுக்கும் ரவி பிள்ளை என்று எழுதிவிடுகிறார்கள். முதலாவது சரி, இரண்டாவது தவறு. 2020இன் பிற்பகுதியில் நிதி ரவி பிள்ளையிடமிருந்து நொமூசா டூபே-என்கூபேவுக்குப் போனது. அவரிடமிருந்த பொருளாதார வளர்ச்சித் துறை பிள்ளையிடம் வந்தது. ஆள் யாரும் வெளியேறவில்லை, புதிதாக யாரும் வரவுமில்லை. பெயர்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காதது போலத்தான் இருக்கும்.

தென்னாப்பிரிக்க மாகாண அமைச்சரவைகளைப் பற்றி எழுதவோ, பட்டியல் தயாரிக்கவோ, செய்திகளைச் சரிபார்க்கவோ புதிதாக இறங்குகிறவர்களுக்கானது இந்த வழிகாட்டி. எடுத்துக்காட்டு முழுக்க குவாசுலு-நட்டால்தான். கூட்டணி, இடைக்கால ராஜினாமா, துறை இணைப்பு, இலாகா பரிமாற்றம் என்று ஒரு மாகாணத்தில் நடக்கக்கூடியதெல்லாம் அங்கே நடந்திருக்கிறது. அந்த ஒரு மாகாணத்தைச் சரியாகப் போடத் தெரிந்தால் மற்ற எட்டும் எளிது.

சொற்களை முதலில் நேர்செய்யுங்கள்

பிரீமியரைப் "பிரதமர்" என்று மொழிபெயர்க்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் பிரதமர் பதவி 1984லேயே ஒழிக்கப்பட்டது. நாட்டுக்கு அதிபர், மாகாணத்துக்குப் பிரீமியர். மாகாண முதல்வர் என்றால் பொருள் சரியாக வரும். பிரீமியர் என்றே விட்டாலும் தவறில்லை. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எழுதுங்கள்.

அமைச்சரவையின் சட்டப்பெயர் நிர்வாகக் குழு. அதன் உறுப்பினரை அங்குள்ளவர்கள் எம்.இ.சி. என்று எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். "கல்வி எம்.இ.சி." என்றால் மாகாணக் கல்வி அமைச்சர் என்று பொருள். வெறுமனே "கல்வி அமைச்சர்" என்று எழுதினால் தேசிய அமைச்சரோடு குழம்பிவிடும். மேற்கு கேப் மட்டும் விதிவிலக்கு: அந்த மாகாணத்துக்குச் சொந்த அரசியல் சாசனம் உண்டு, அங்கே மாகாண அமைச்சர் என்றே அழைக்கிறார்கள்.

இன்னொரு குழப்பம், துறைத் தலைவர். அவர் அரசு அதிகாரி, நம்மூர்ச் செயலாளர் போல. செய்தியில் "துறைத் தலைவர் மாற்றம்" என்று வந்தால் அது அமைச்சரவை மாற்றம் ஆகாது. உங்கள் பட்டியலில் அதற்கு இடமில்லை.

சட்டத்தில் ஆறு பிரிவுகள் போதும்

1996ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தை முழுதாகப் படிக்க வேண்டாம். ஆனால் கீழ்க்கண்டவை தெரியாமல் தேதி போட உட்கார்ந்தால் பாதி தேதிகள் தவறாகும்.

பிரிவு 128: பிரீமியரை மாகாண சட்டமன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநர் என்று யாரும் இல்லை. நீதிபதி ஒருவர் தலைமை தாங்குவார். இடையில் பதவி காலியானால் 30 நாளுக்குள் நிரப்ப வேண்டும்.

பிரிவு 129: தேர்வான ஐந்து நாளுக்குள் பதவியேற்க வேண்டும். ஆகவே தேர்வான தேதியும் பதவியேற்ற தேதியும் வேறு வேறாக இருக்கலாம். ஸிகாலாலா தேர்வானது 2019 மே 22, பதவியேற்றது மே 27. இரண்டு தேதியும் செய்திகளில் கிடைக்கும். பதவிக்காலம் தொடங்குவது இரண்டாவதில்தான்.

பிரிவு 131: பிரீமியர் இல்லாதபோது யார் பொறுப்பு வகிப்பது என்ற வரிசை. முதலில் பிரீமியரே நியமித்துவிட்டுப் போன எம்.இ.சி.; அப்படி யாரும் இல்லையென்றால் மற்ற எம்.இ.சி.க்கள் தேர்ந்தெடுத்தவர், அதுவும் இல்லையென்றால், சட்டமன்றம் வேறொருவரை நியமிக்கும்வரை சபாநாயகர்.

பிரிவு 132: பிரீமியரைத் தவிர குறைந்தது ஐந்து, அதிகபட்சம் பத்து எம்.இ.சி.க்கள். அனைவரும் மாகாண சட்டமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும். நாட்டின் அதிபருக்கு நாடாளுமன்றத்துக்கு வெளியிலிருந்து இரண்டு பேரை அமைச்சராக்கும் சலுகை உண்டு. பிரீமியருக்கு அது கிடையாது. வெளியாள் ஒருவரைக் கொண்டுவர வேண்டுமானால், முதலில் கட்சிக்காரர் ஒருவர் இடத்தைக் காலிசெய்து, புதியவர் கட்சிப் பட்டியல் வழியாக உள்ளே வர வேண்டும். அமைச்சரவை மாற்றத்துக்குச் சில நாள் முன்பு யாரோ ஒரு சாதாரண உறுப்பினர் திடீரென ராஜினாமா செய்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

பிரிவு 134: தேர்தல் முடிந்தாலும் புதிய பிரீமியர் பதவியேற்கும்வரை பழைய குழுவே தொடரும். பிரிவு 141: பிரீமியர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் குழு முழுவதும் விலக வேண்டும், பிரீமியரைத் தவிர்த்துக் குழுவின்மீது மட்டும் நிறைவேறினால் பிரீமியர் குழுவை மாற்றியமைக்க வேண்டும்.

கவனியுங்கள்: பிரீமியர் தானாக ராஜினாமா செய்வது வேறு கதை. அப்போது எம்.இ.சி.க்கள் அன்றே வீட்டுக்குப் போய்விடுவதில்லை. புதிய பிரீமியர் வந்து கை வைக்கும்வரை துறைகளை அவர்களே நடத்துகிறார்கள். பிரீமியர் மாறிய தேதியையே எல்லா எம்.இ.சி.க்களுக்கும் முடிவுத் தேதியாகப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

முதுகெலும்பு: பிரீமியர் வரிசை

தாளின் இடது ஓரத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபிராங்க் ம்ட்லலோசே (1994–1997), பென் என்குபானே (1997–1999), லயனல் ம்ட்சாலி (1999–2004): மூவரும் இன்காதா சுதந்திரக் கட்சி. பிறகு ஏ.என்.சி.யின் (ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ்) ஆறு பேர்: சிபு என்டெபெலே (2004–2009), ஸ்வெலி ம்கீஸே (2009–2013), சென்ஸோ ம்ச்சூனு (2013–2016), வில்லிஸ் ம்ச்சூனு (2016–2019), சிஹ்லே ஸிகாலாலா (2019–2022), நொமூசா டூபே-என்கூபே (2022–2024). கடைசியாக மறுபடியும் இன்காதா: தாமி என்டூலி, 2024 ஜூன் முதல்.

இந்த வரிசையில் உடனே கண்ணில் படவேண்டியது, அடுத்தடுத்து இரண்டு ம்ச்சூனுக்கள். "பிரீமியர் ம்ச்சூனு" என்று மட்டும் ஒரு செய்தி சொன்னால் தேதியைப் பார்க்காமல் பெயர் போடாதீர்கள். 2016 மே மாதச் செய்தி என்றால் இரண்டு முறை பாருங்கள், மாற்றம் நடந்ததே அந்த மாதத்தில்தான்.

ஏ.என்.சி.யின் ஆறு பேரையும் கூர்ந்து பார்த்தால் ஒரு வழக்கம் தெரியும்: ஒவ்வொருவரும் முந்தைய பிரீமியரின் குழுவில் எம்.இ.சி.யாக இருந்தவர். என்டெபெலே போக்குவரத்திலிருந்து வந்தார். ம்கீஸே நிதியும் பொருளாதார வளர்ச்சியும் வைத்திருந்தார். சென்ஸோ ம்ச்சூனு கல்வி, வில்லிஸ் ம்ச்சூனு போக்குவரத்தும் சமூகப் பாதுகாப்பும், ஸிகாலாலா பொருளாதார வளர்ச்சி, டூபே-என்கூபே நிதி. இதனால் பட்டியலில் என்ன ஆகிறது? ஒருவர் பிரீமியராகும் ஒவ்வொரு முறையும் ஒரு துறை காலியாகிறது. பிரீமியர் மாற்றத்தைக் குறித்துவிட்டு, அவர் விட்டுவந்த துறை யாரிடம் போனது என்று பார்க்க மறப்பவர்கள் அதிகம். என்டூலி இந்த வழக்கத்தை முறித்தார். அவர் கிங் கெட்ஷ்வாயோ மாவட்ட நகராட்சியின் மேயராக இருந்து வந்தவர், எம்.இ.சி.யாக இருந்ததே இல்லை.

இன்காதா காலத்தில் வழி வேறு. 1996இல் தேசிய அமைச்சரவையில் கலை, பண்பாடு, அறிவியல், தொழில்நுட்பத் துறையை விட்டு என்குபானே மாகாணத்துக்கு வந்தார். அந்தத் தேசியத் துறைக்குப் போனவர் ம்ட்சாலி. 1999இல் ம்ட்சாலி மாகாணப் பிரீமியர், என்குபானே மறுபடியும் அதே தேசியத் துறையில். இருவரும் நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள் என்றே சொல்லலாம். மாகாணப் பட்டியலை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தப் போக்குவரத்து தெரியாது. "எங்கிருந்து வந்தார்", "எங்கே போனார்" என்று இரண்டு கட்டங்கள் கட்டாயம் வேண்டும் என்பது இதனால்தான்.

அட்டவணை போடும் முறை

கணினி விரிதாளில் ஒரு வரிசைக்கு ஒரு நியமனம். ஒரு ஆளுக்கு ஒரு வரிசை என்று போட்டால் மூன்றாவது பிரீமியரிலேயே எல்லாம் கலைந்துவிடும். கட்டங்கள்: பெயர், கட்சி, துறை (அன்றைய பெயரில்), பட்ஜெட் ஒதுக்கீட்டு எண் (மாகாண பட்ஜெட்டில் ஒவ்வொரு துறைக்கும் உள்ள எண்), தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, அப்போதைய பிரீமியர், எங்கிருந்து வந்தார், எங்கே போனார், ஆதாரம்.

பிரீமியர் மாறினாலும் எம்.இ.சி. அதே துறையில் தொடர்ந்தால் வரிசையை உடைக்க வேண்டுமா? உடைத்தே போடுங்கள். பின்னால் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. சேர்த்துப் போட்டதைப் பிரிப்பது ஒரு நாள் வேலை.

தேதிகளில் நான்கு வகை வரும்: அறிவித்த நாள், பதவியேற்ற நாள், அரசிதழில் வந்த நாள், பத்திரிகையில் வந்த நாள். பதவியேற்ற நாளை எடுங்கள். பத்திரிகைத் தேதி பெரும்பாலும் ஒரு நாள் பின்தங்கியிருக்கும். அதை அப்படியே எடுத்தால் பழையவருக்கும் புதியவருக்கும் நடுவே ஒரு நாள் ஓட்டை விழும்.

துறை வழியாகப் போங்கள்

பிரீமியர் வாரியாகப் பட்டியல் போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைவிட ஒரு துறையைப் பிடித்துக்கொண்டு 1994லிருந்து இன்றுவரை இறங்கி வருவதில் பிழைகள் தானாக வெளிப்படும். ஓட்டை விழுந்தாலும், இரண்டு பேர் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

சுகாதாரத் துறையை எடுத்துப் பாருங்கள். ஸ்வெலி ம்கீஸே 1994 முதல் 2004 வரை. பெகி என்கொன்யெனி 2004–2009. சிபோங்கிசேனி த்லோமோ 2009–2019. நொமகூகு சிமெலானே 2019 முதல். 1994லிருந்து மொத்தமே நான்கு பேர். ஏ.என்.சி.க்காரரான ம்கீஸே இன்காதாவின் மூன்று பிரீமியர்களின் கீழும் அதே நாற்காலியில் இருந்தார். சிமெலானே ஸிகாலாலா, டூபே-என்கூபே, பிறகு இன்காதாவின் என்டூலி என்று மூவரின் குழுவிலும் அதே துறையில் நீடித்தார்.

இப்போது கல்வி. இனா குரோன்யே 2004–2009, சென்ஸோ ம்ச்சூனு 2009–2013, பெகி என்கொன்யெனி 2013–2016, ம்தாண்டேனி ட்லுங்வானே 2016–2019, க்வாசி ம்ஷெங்கு 2019–2022, ம்பாலி ஃபிரேசர் 2022–2024, சிபோ ஹ்லொமூகா 2024 முதல். இருபது ஆண்டில் ஏழு பேர். பிரீமியர் மாறும்போதெல்லாம் கல்வி எம்.இ.சி.யும் மாறியிருக்கிறார், ஒருமுறைகூடத் தவறவில்லை. மாகாண பட்ஜெட்டின் மிகப் பெரிய பங்கு கல்விக்கும் சுகாதாரத்துக்கும் போகிறது. அப்படி இரண்டு துறைகள் இவ்வளவு வேறுபட்டு நடந்திருப்பதைப் பிரீமியர் வாரிப் பட்டியலில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பயிற்சிக்கு மூன்றாவதாகப் போக்குவரத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். என்டெபெலேயில் தொடங்கி பெகி செலே, வில்லிஸ் ம்ச்சூனு, ம்க்சோலிசி காவுண்டா, பெகி என்டூலி என்று வரும். பெகி என்டூலி 2021 ஜனவரியில் பதவியிலிருக்கும்போதே காலமானார். அதே ஆண்டில் என்கொன்யெனி, 2022இல் ஹ்லொமூகா, 2024இல் சிபோனிசோ டூமா. இந்த ஒரு துறையிலேயே பெயர்ப் பொறிகள் எத்தனை என்று பாருங்கள்: செலேயும் என்டூலியும் பெகி, பெண்ணான என்கொன்யெனியின் முதற்பெயரும் தமிழில் எழுதினால் பெகி, இங்கே காலமான என்டூலி வேறு, பிரீமியர் தாமி என்டூலி வேறு.

ஆள் வழியாக ஒருமுறை திரும்பி வாருங்கள்

துறை வழி முடிந்ததும் அதே தாளைப் பெயர் வாரியாக அடுக்குங்கள். என்கொன்யெனியின் வரிசைகள் வரிசையாக நிற்கும்: 2004இல் சுகாதாரம், 2009இல் சபாநாயகர், 2013இல் கல்வி, 2016இல் நீக்கம், 2021இல் போக்குவரத்து, 2022இல் நிதி. நடுவில் சபாநாயகராக இருந்த காலம் அமைச்சரவைப் பட்டியலில் வராது, அதனால் "நான்கு ஆண்டு காணாமல் போனார்" என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். ஹ்லொமூகா இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. ஸிகாலாலாவின் குழுவில் கூட்டுறவு ஆட்சி மற்றும் பாரம்பரிய விவகாரங்கள், டூபே-என்கூபேவின் குழுவில் போக்குவரத்து, என்டூலியின் குழுவில் கல்வி. மூன்று பிரீமியர், மூன்று துறை, ஒரே ஆள்.

டூபே-என்கூபே இதற்கு நேரெதிர்: 2009 முதல் 2019 வரை உள்ளாட்சியும் பாரம்பரிய விவகாரங்களும் கொண்ட அதே துறை, மூன்று பிரீமியர்களின் கீழ். ஆரம்ப ஆண்டுகளின் ஆவணங்களில் அவர் பெயர் நொமூசா டூபே என்று மட்டும் இருக்கும். சிமெலானேவும் 2019இல் சிமெலானே-சூலு என்று வருவார். இணைப்புக்குறியைப் பார்த்து இரண்டு ஆட்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதல் தலைவலி: சூலுப் பெயர்களுக்கு ஒலிபெயர்ப்பில் ஒரே வடிவம் கிடையாது. ஒரு தனித் தாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு தமிழ் எழுத்துமுறையை முடிவுசெய்து, அதையே எங்கும் ஒட்டுங்கள். இல்லையென்றால் தேடும்போது பாதி வரிசை அகப்படாது.

ரவி பிள்ளையும் இந்தப் பயிற்சிக்கு ஏற்றவர். டர்பன் தமிழர்களுக்கு நன்றாகப் பழகிய குடும்பப்பெயர். அங்கே பேச்சில் "பில்லே" என்று ஒலிக்கும். 2013இலிருந்து 2019 வரை மனிதக் குடியிருப்பும் பொதுப்பணியும், பிறகு நிதி, பிறகு பொருளாதார வளர்ச்சி. 2022இல் டூபே-என்கூபேவின் பட்டியலில் அவர் இல்லை. பொருளாதார வளர்ச்சி டூமாவிடம் போனது.

துறைப் பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள்

எம்.இ.சி.க்கள் பத்துக்கு மேல் போக முடியாது. துறைகளோ பத்துக்கு மேல். அதனால் ஒருவர் கையில் இரண்டு துறைகள் சேர்வது சாதாரணம். "போக்குவரத்தும் மனிதக் குடியிருப்பும்" என்ற தலைப்பைப் பார்த்ததும் இரண்டு துறைகள் ஒன்றாகிவிட்டன என்று எழுதுவது அவசரம். துறையை உருவாக்கவோ, பெயர் மாற்றவோ, ஒழிக்கவோ அரசுப் பணிச் சட்டத்தின் 2ஆம் அட்டவணை திருத்தப்பட வேண்டும். பிரீமியர் கேட்டு அதிபர் பிரகடனம் வெளியிட வேண்டும். எம்.இ.சி.யின் பொறுப்பை மாற்றுவதற்கு அவ்வளவு தேவையில்லை.

பட்ஜெட் ஒதுக்கீட்டு எண்கள் இங்கேதான் கைகொடுக்கும். குவாசுலு-நட்டாலில் 1 பிரீமியர் அலுவலகம், 5 கல்வி, 6 மாகாணக் கருவூலம், 7 சுகாதாரம், 8 மனிதக் குடியிருப்பு, 12 போக்குவரத்து, 14 பொதுப்பணி. பிள்ளையிடம் இருந்தபோது 8உம் 14உம் ஜோடி. 2024இல் டூமாவிடம் 8உம் 12உம் ஜோடி. 14 ஜனநாயகக் கூட்டணி என்ற கட்சியின் மார்ட்டின் மையரிடம் தனியாகப் போனது. மனிதக் குடியிருப்புத் துறை எங்கும் போகவில்லை, அதன் ஜோடிதான் மாறியது. இன்னொன்று: "நிதி எம்.இ.சி." என்பார்கள், ஆனால் அவர் கீழே இருக்கும் துறையின் பெயர் மாகாணக் கருவூலம். "நிதித் துறை" என்று தேடினால் ஆவணம் கிடைக்காது.

பிரிவதும் உண்டு. 2004–2009இல் நிதியும் பொருளாதார வளர்ச்சியும் ம்கீஸே ஒருவரிடமே இருந்தன. 2009இல் அவர் பிரீமியரானதும் நிதி இனா குரோன்யேவுக்கும், பொருளாதார வளர்ச்சி மைக் மபூயாகூலுவுக்கும் போயின. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வரிசையை முடித்து, இரண்டு புதிய வரிசைகள் தொடங்க வேண்டும்.

மாற்றத்துக்குக் காரணம் எங்கே தொடங்குகிறது

தேர்தலையொட்டிய மாற்றங்கள் எளிது: 1999, 2004, 2009, 2014, 2019, 2024. சிக்கலானவை நடுவில் வருபவை. அவற்றின் வேர் சட்டமன்றத்தில் இருக்காது, கட்சி மாநாட்டில் இருக்கும்.

ம்கீஸே 2012 டிசம்பரில் ஏ.என்.சி.யின் தேசியப் பொருளாளரானார். 2013 ஆகஸ்டில் பிரீமியர் பதவியை விட்டார். சென்ஸோ ம்ச்சூனு 2015 நவம்பரில் கட்சியின் மாகாணத் தலைவர் பதவியை ஸிகாலாலாவிடம் இழந்தார். 2016 மேயில் பிரீமியர் பதவியும் போனது. ஸிகாலாலா 2022 ஜூலையில் அதே தலைவர் பதவியை டூமாவிடம் இழந்தார். இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 5 அன்று ராஜினாமா. மாநாடு முடிந்ததும் அமைச்சரவைத் தாளை மேசைமேல் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மாநாட்டில் வென்றவரே பிரீமியராவார் என்று முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். 2015 மாநாட்டில் வென்றவர் ஸிகாலாலா, 2016இல் பிரீமியரானவர் வில்லிஸ் ம்ச்சூனு. 2022இல் வென்றவர் டூமா, பிரீமியரானவர் டூபே-என்கூபே. வென்றவர்கள் இருவருமே எம்.இ.சி.யாக உட்கார்ந்தார்கள், அதுவும் ஒரே துறையில்: பொருளாதார வளர்ச்சி. இது தற்செயலா என்பது வேறு விவாதம்.

புதிய பிரீமியர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். டூபே-என்கூபே 2022 ஆகஸ்ட் 10 தேர்வாகி மறுநாளே குழுவை அறிவித்தார். வில்லிஸ் ம்ச்சூனு 2016 மேயில் வந்தாலும் மாற்றியமைத்தது ஜூனில். மபூயாகூலுவும் என்கொன்யெனியும் நீக்கப்பட்டது அப்போதுதான். இடைப்பட்ட நாட்களில் இருவரும் சட்டப்படி எம்.இ.சி.க்களே.

கூட்டணிக் குழுவை எண்ணிக்கையால் சோதியுங்கள்

1994இல் எதிர்க்கட்சியான ஏ.என்.சி.க்குக் குழுவில் இடம் கிடைத்தது பிரீமியரின் பெருந்தன்மையால் அல்ல. அன்றைய இடைக்கால அரசியல் சாசனப்படி சட்டமன்றத்தில் பத்து சதவீத இடம் பெற்ற கட்சிக்குக் குழுவில் பங்கு உரிமையாகவே இருந்தது. அப்போது சட்டமன்றத்தில் 81 இடம்: இன்காதா 41, ஏ.என்.சி. 26. ஜேக்கப் ஜூமா பொருளாதார விவகாரம் மற்றும் சுற்றுலா எம்.இ.சி.யாக இருந்தது இந்த ஏற்பாட்டில்தான். 1999க்குப் பிந்தைய கூட்டணிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. அவை பேரத்தால் வந்தவை. "1994 முதலே கூட்டணி மரபு" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கட்டிவிடக் கூடாது.

2024ஐ எடுத்துக்கொண்டால் கணக்கு கத்திமுனையில் நிற்கும். 80 இடத்தில் எம்.கே. (உம்கொண்டோ வெ சிஸ்வே) கட்சி 37, இன்காதா 15, ஏ.என்.சி. 14, ஜனநாயகக் கூட்டணி 11, இ.எஃப்.எஃப். (பொருளாதார விடுதலைப் போராளிகள் கட்சி) 2, என்.எஃப்.பி. (தேசிய சுதந்திரக் கட்சி) 1. ஜூன் 14 அன்று என்டூலிக்கு விழுந்த வாக்கு 41, எதிர் வேட்பாளருக்கு 39. 15, 14, 11, 1 கூட்டினால் 41. 37உம் 2உம் 39. அதாவது ஒற்றை இடம் வைத்திருந்த என்.எஃப்.பி. இல்லாமல் இந்த அரசு இல்லை.

அந்தக் கணக்கைக் குழுவோடு ஒட்டிப் பாருங்கள். பத்து எம்.இ.சி.க்களில் இன்காதா 4, ஏ.என்.சி. 3, ஜனநாயகக் கூட்டணி 2, என்.எஃப்.பி. 1. ஏ.என்.சி.யின் மூவர் ஹ்லொமூகா, சிமெலானே, டூமா, அதாவது மூவருமே முந்தைய குழுவிலிருந்து வந்தவர்கள். ஜனநாயகக் கூட்டணியின் ஃபிரான்சுவா ரோஜர்ஸ் நிதி, மையர் பொதுப்பணி. என்.எஃப்.பி.யின் ம்பாலி ஷிங்கா சமூக நலம். கூட்டல் பத்துக்கு மேல் போனாலோ, கட்சிவாரி எண்ணிக்கை இதோடு ஒத்துப்போகாவிட்டாலோ, நீங்கள் எங்கோ ஒரு முன்னாள் எம்.இ.சி.யை வெளியே அனுப்ப மறந்திருக்கிறீர்கள். போகிறபோக்கில் ஒன்று: ஃபிரேசரும் ம்பாலி, ஷிங்காவும் ம்பாலி. ஒருவர் போன அதே நாளில் மற்றவர் வந்தார்.

ஆவணங்களில் விழும் பொறிகள்

துறையின் ஆண்டறிக்கை நல்ல ஆதாரம், ஆனால் முன்னுரையில் கையெழுத்திட்டவரே அந்த ஆண்டு முழுவதும் பதவியிலிருந்தார் என்று கொள்ள முடியாது. நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அறிக்கை சமர்ப்பிக்க ஐந்து மாதம், சட்டமன்றத்தில் வைக்க ஆறு மாதம் அவகாசம். 2023/24 நிதியாண்டு 2024 மார்ச் 31இல் முடிந்தது. அறிக்கை வெளிவரும் காலம் ஆகஸ்ட், செப்டம்பர். நடுவில் தேர்தல் நடந்து, கல்வியில் ஃபிரேசர் போய் ஹ்லொமூகா வந்துவிட்டார். அறிக்கையில் சொல்லப்பட்ட வேலைகள் ஒருவர் காலத்தவை, பொறுப்பாக நிற்கும் பெயர் இன்னொருவருடையது.

துறை இணையதளங்களில் "எம்.இ.சி." பக்கம் பழையபடியே மாதக்கணக்கில் கிடப்பதும் உண்டு. மாகாண அரசிதழும் சட்டமன்ற அவைக் குறிப்புகளும் மெதுவானவை, ஆனால் தேதியில் ஏமாற்றாதவை. அவசரத்துக்குச் செய்தியை எடுங்கள், பிறகு அரசிதழ் கிடைத்ததும் தேதியை மாற்றி, ஆதாரக் கட்டத்தையும் மாற்றுங்கள். "பொறுப்பு" என்ற சொல் செய்தியில் எங்கே வந்தாலும் தனி வரிசை போடுங்கள், எம்.இ.சி. வெளிநாடு போனபோது ஒரு வாரம் பார்த்துக்கொண்டவரையும் நிரந்தர நியமனத்தையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள்.

முடித்ததும் நான்கு நாள் சோதனை

தாள் தயாரானதும் இந்த நான்கு தேதிகளைப் போட்டு, அன்று யார் யார் பதவியில் என்று வடிகட்டிப் பாருங்கள்.

2016 ஜூன் 30: பிரீமியர் வில்லிஸ் ம்ச்சூனு, கல்வி ட்லுங்வானே, பொருளாதார வளர்ச்சி ஸிகாலாலா. இங்கே இன்னும் மபூயாகூலு நின்றால், 2016 மாற்றம் உங்கள் தாளில் ஏறவே இல்லை.

2021 ஏப்ரல் 1: நிதி டூபே-என்கூபே, பொருளாதார வளர்ச்சி பிள்ளை. தலைகீழாக வந்தால் பரிமாற்றம் விட்டுப்போயிருக்கிறது.

2022 ஆகஸ்ட் 7: பிரீமியர் கட்டத்தில் ஸிகாலாலாவும் வரக் கூடாது, டூபே-என்கூபேவும் வரக் கூடாது. பிரிவு 131இன்படியான பொறுப்பு வரிசைதான் அந்த நாட்களை நிரப்ப வேண்டும். எம்.இ.சி. கட்டங்கள் காலியாக வந்தால் பிரீமியரின் முடிவுத் தேதியை அவர்கள்மேலும் ஒட்டியிருக்கிறீர்கள்.

2024 ஜூன் 10: தேர்தல் மே 29இல் முடிந்து, ஜூன் 2 அன்று முடிவும் வந்துவிட்டது. புதிய சட்டமன்றம் இன்னும் கூடவில்லை. அன்றைய பிரீமியர் டூபே-என்கூபே, கல்வி எம்.இ.சி. ஃபிரேசர். தேர்தலில் அவர்கள் கட்சி வெறும் 14 இடத்துக்குச் சுருங்கியிருந்தாலும் பதவியில் அன்று அவர்கள்தான்.